டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் இடைமறிப்பு விதிகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், ஒருவரது முறை நடந்துகொண்டிருக்கும்போதே மற்றொருவர் குறுக்கிட எப்போது உரிமை உண்டு, அக்குறுக்கீடு முதற்செயலுக்கு முன் நிகழுமா பின் நிகழுமா என்பவற்றை வரையறுப்பவை இடைமறிப்பு விதிகள் ஆகும். இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகும். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்க, டஞ்சன் மாஸ்டர் எனப்படும் நடத்துநர் எதிரிகளை இயக்குவதோடு விதிகளுக்குப் பொருளும் சொல்கிறார். கதையில் சண்டை முழுவதும் ஒரே வேளையில் நடப்பதாகக் கொள்ளப்பட்டாலும், மேசையில் ஒருவர்பின் ஒருவராகவே பகடை உருட்ட முடியும் என்பதால், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முரணைத் தணிக்க இடைமறிப்பு தேவைப்படுகிறது.

1979-இல் வெளியான நடத்துநர் கையேட்டில் ஒரு சுற்று ஒரு நிமிடமாகவும், அது ஆறு விநாடி கொண்ட பத்துக் கூறுகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் இத்தனை கூறு என நேரம் குறிக்கப்பட்டிருந்ததால், மந்திரவாதி ஓதி முடிப்பதற்குள் அடிபட்டால் அம்மந்திரம் வீணாகும். இங்கு இடைமறிப்பு என்பது தனியொரு செயலன்று. கால ஓட்டத்தின் விளைவாகவே அது நேர்ந்தது.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு சுற்றை ஆறு விநாடியாகச் சுருக்கி, 1995-இன் துணைநூல் ஒன்றில் இடம்பெற்றிருந்த வாய்ப்புத் தாக்குதலை, அதாவது எதிரி தன் காவலைத் தளர்த்தும் கணத்தில் கிடைக்கும் கூடுதல் அடியை, அடிப்படை விதியாக்கியது. இவ்வடி அதைத் தூண்டிய செயல் நிறைவேறுவதற்கு முன்பே தீர்க்கப்படும் என்பதால் நுட்பமான விளைவுகள் எழுந்தன. அப்பதிப்பின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கீழே விழுந்து கிடக்கும் ஒருவன் எழ முயன்றால் அருகில் நிற்கும் வீரனுக்கு வாய்ப்புத் தாக்குதல் கிடைக்கும். அதைக் கொண்டு அவனை மீண்டும் இடறி வீழ்த்தி, எழவே விடாமல் செய்யலாம் என்று பலரும் எண்ணினர். ஆனால் அடி விழும் கணத்தில் அவன் இன்னும் தரையில்தான் கிடக்கிறான், கிடப்பவனை வீழ்த்துவதற்கில்லை. அவனுக்கு அடி படும், பிறகு எழுந்தும் விடுவான்.

2008-இன் நான்காம் பதிப்பு இந்த வேறுபாட்டைப் பெயரிட்டே பிரித்தது. தூண்டிய செயலுக்கு முன் நிகழ்வது இடைமறிப்பு. அது முடிந்தபின் நிகழ்வது எதிர்வினை. இடைமறிப்பின் காரணமாக முதற்செயல் இயலாததாகிவிட்டால் அச்செயல் கைநழுவியதாகவே கருதப்படும். ஐயத்துக்கு மிகக் குறைவாக இடம் வைத்த பதிப்பு இதுவே.

2014-இன் ஐந்தாம் பதிப்பு இரண்டையும் எதிர்வினை என்னும் ஒரே பெயரில் அடக்கியது. ஒவ்வொருவருக்கும் ஓர் எதிர்வினை மட்டுமே உண்டு. அதைச் செலவிட்டவர் தம் அடுத்த முறை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்வினை தன்னைத் தூண்டிய நிகழ்வுக்குப் பின்னரே நடக்கும் என்பது பொது விதி. வேறுவிதமாக வெளிப்படையாகச் சொல்லப்பட்ட இடங்கள் விலக்கு. கண்ணுக்குத் தெரியும் எதிரி ஆயுதம் எட்டும் தூரத்தைவிட்டு விலகும்போது கிடைக்கும் வாய்ப்புத் தாக்குதல், அவன் எல்லையைக் கடப்பதற்குச் சற்று முன் நிகழ்வது அத்தகைய விலக்குகளுள் ஒன்று. கேடய மந்திரமோ அடி பட்டதாக அறிவிக்கப்பட்ட பின் ஓதப்பட்டாலும், அடி பட எட்ட வேண்டிய கவச எண்ணை ஐந்து கூட்டி அந்த அடியையே தவறச் செய்யக்கூடும்.

பூசல் மிகுதியாக எழுவது ஆயத்தச் செயலில்தான். “இன்னது நடந்தால் இன்னது செய்வேன்” என்று முன்கூட்டிச் சொல்லி வைப்பதே ஆயத்தச் செயல்; தூண்டும் நிகழ்வு முடிந்தபின் அது நிறைவேறும். ஆகவே “வில்லாளி அம்பெய்தால் வெட்டுவேன்” என்று சொன்ன வீரன், அம்பு பாய்ந்த பிறகே வெட்ட முடியும். “வில்லை உயர்த்தினால் வெட்டுவேன்” என்று சொன்னவனுக்கோ, உயர்த்துதலே கண்ணால் காணத்தக்க முழு நிகழ்வாகிவிடுவதால், அம்புக்கு முன் வெட்ட இடமுண்டு. ஆட்டக்காரரின் கருத்து இதுதான் என்று நடத்துநர் ஊகித்துத் தருவதைவிட, சொல்லும்போதே எந்தக் கணம் என்று கேட்டுத் தெளிவது நியாயமானது.

மந்திரத்தை முறிக்கும் மந்திரம் இன்னொரு சிக்கல். அறுபது அடிக்குள் ஒருவர் ஓதுவதைக் கண்ட கணத்தில் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் ஓதப்படுவது எந்த மந்திரம் என்று அறியவே ஓர் எதிர்வினை செலவாகும் என 2017-இன் துணைநூல் விதித்ததால், அந்நூலைப் பின்பற்றும் மேசைகளில் ஒருவரே இனங்கண்டு முறிக்கவும் முடியாது. தம் முறையிலும் எதிர்வினை ஆற்றலாம் என்பதால், முறிக்கப்படுபவர் அந்த முறிப்பையே முறிக்கும் சங்கிலியும் 2014-இன் விதிகளில் சாத்தியமாயிற்று. 2024-இன் திருத்தப் பதிப்பு, ஒரு முறைக்குள் ஒருவர் தம் மந்திரச் சேமிப்பில் ஒரு பங்கை மட்டுமே செலவிடலாம் என்று வரையறுத்து அந்தச் சங்கிலியைப் பெரிதும் அறுத்தது. முறிக்கப்பட்டவருக்கு அவர் செலவிட்ட பங்கு அழியாமல் எஞ்சும் என்றும் அதே பதிப்பு விதித்தது.