கோபுரமும் ஊர்க்கட்டுப்பாடும்

செல்போன் கோபுரம் புதுசு. அதை நிறுத்துகிற அதிகாரத்தின் மொழி பழசு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, யாருடைய நிலத்திலும் கம்பம் நடும் உரிமையைக் காலனிய அரசுக்குக் கொடுத்தது. உள்ளாட்சியின் பொறுப்பிலுள்ள இடமென்றால் மட்டும் அதன் அனுமதி தேவை. தனியார் யாரும் மறித்தால் கலெக்டர் உத்தரவிடலாம் என்றது 16ஆம் பிரிவு. ஆக, உள்ளாட்சி இங்கே வெறும் நிலச் சொந்தக்காரராகவே கட்டமைக்கப்பட்டது. அரசியல் அமைப்பாக அல்ல.

2016 நவம்பரில் இதே சட்டத்தின் கீழ் வழியுரிமை விதிகள் வந்தன. விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகப் பொருள். மௌனம் சம்மதம் என்கிற கல்யாண வீட்டுப் பேச்சு சட்டமாச்சு. பேசுவதற்கு அப்போது இங்கே யார் இருந்தார்கள்? தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முந்தின மாதமே முடிந்து, தனி அலுவலர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மதுரை மாவட்டக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல்; மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். அந்த ஆகஸ்டிலேயே விதி திருத்தப்பட்டது: தனியார் இடமானால் அனுமதியே வேண்டாம், கட்டடத்தின் மேல் நிறுத்துமுன் எழுதித் தெரிவித்தால் போதும். 2023 சட்டத்தின் புதிய விதிகள் 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் தேதி மதுரைக் கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் மறுபடி முடிந்தது. இதைச் சதி என்று சொல்ல வரவில்லை. காலி நாற்காலியோடு பேசுவதில் தில்லிக்குச் சிரமம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

ஜனங்களின் பயம் கேன்சரைப் பற்றியது. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆதாரம் போதாது என்பதும் அந்தப் பிரிவின் பொருள்தான். 2012 செப்டம்பரில் இந்தியா கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாக்கியது. கோபுரம் நோய் தருகிறது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் அளக்கிறவர் யார்? மத்தியத் தொலைத்தொடர்புத் துறை. 2017இல், அளக்கச் சொல்லிக் கேட்பவர் 4,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அமெரிக்காவின் 1996 சட்டம் இன்னும் வெளிப்படை: வரம்புக்கு உட்பட்ட கோபுரத்தைக் கதிர்வீச்சைக் காட்டி உள்ளூர் மன்றம் தடுக்கக் கூடாது. பயப்படும் உரிமைகூட மையத்திடம்.

அப்படியானால் அதிகாரத்தை ஊரிடமே கொடுத்துவிடலாமா? எந்த ஊர்? அதே 1996இல் புதிய பஞ்சாயத்துச் சட்டப்படி தேர்தல் வந்தபோது, மேலவளவு தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30இல் மேலும் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒரு தலித் தலைவரை நிலைக்க விடவில்லை. ஊர் வேண்டாமென்ற கோபுரம் காலனிப் பக்கம் நகர்ந்தால், உள்ளூர்க் கட்டுப்பாடு என்கிற நல்ல சொல் ஊர்க்கட்டுப்பாடு என்கிற பழைய சொல்லாகிவிடும்.

எனவே கோரிக்கையை இரண்டாகவே வைக்க வேண்டியிருக்கிறது. இடம் முடிவாகும் முன்பே அளவுக் கணக்கு கிராம சபைக்கு வர வேண்டும். அந்தச் சபையில் காலனியும் சரிசமமாக உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் கேட்பது மற்றதை விட்டுக்கொடுப்பதாகும்.