பழைய திரையில் புழங்குபொருள்கள்: தொலைக்காட்சித் தொடர்களும் சமூக வரலாறும்

முல்லைப்பாட்டில் பாசறையின் இரவை விரித்துரைக்கும் நப்பூதனார், நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது கணித்து அரசனுக்கு அறிவிப்போரையும் காட்டிச் செல்கிறார். நெடுநல்வாடையில் அரண்மனை அந்தப்புரத்தைப் பாடும் நக்கீரர், யவனர் செய்த பாவை விளக்கின் ஒளியில் அக்காட்சியை அமைக்கிறார். கடிகாரத்தின் வரலாறோ விளக்கின் வரலாறோ எழுதுவது அப்புலவர்களின் கருத்தன்று. ஒருவர் கூற வந்தது தலைவியின் காத்திருப்பு. மற்றவர் கூற வந்தது பிரிவின் துயரும் போர்க்களத்து மன்னனின் கடமையும். ஆயினும் அவர்கள் போகிறபோக்கில் குறித்துச் சென்ற பொருள்களே இன்று அக்கால வாழ்வை அறிய விரும்புவோருக்குச் சான்றுகளாகின்றன. நோக்கமின்றி விடப்பட்ட சான்றில் பொய் கலக்க வாய்ப்புக் குறைவு என்பது வரலாற்றாய்வில் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறியாகும்.

இந்நெறியைப் பொருத்திப் பார்ப்பதற்கு உரிய அண்மைக்கால மூலங்களுள் ஒன்று பழைய தொலைக்காட்சித் தொடர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, தூர்தர்ஷன் தன் பழைய தொடர்களை மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கியது. மார்ச் 28 முதல் ‘இராமாயணம்’ மறு ஒளிபரப்பாயிற்று. ‘மகாபாரதம்’, ‘புனியாத்’, ‘சர்க்கஸ்’, ‘பியோம்கேஷ் பக்ஷி’ முதலியனவும் திரைக்குத் திரும்பின. முதல் ஒளிபரப்பின்போது கதையை மட்டுமே கண்ட கண்கள், இம்முறை கதைக்குப் பின்னால் இருந்த மேசையையும் தொலைபேசியையும் சட்டைக் கழுத்தையும் கண்டன. உடனிருந்த இளையோர் சிரித்தனர். முதியோர் சற்று மௌனமாயினர். அச்சிரிப்புக்கும் மௌனத்துக்கும் இடைப்பட்ட தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

கருவி வந்த வழி

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1975-76இல் செயற்கைக்கோள் வழிக் கல்வி ஒளிபரப்புச் சோதனை ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்குச் சென்றது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. 1982இல் தேசிய ஒளிபரப்பும் வண்ண ஒளிபரப்பும் வந்தன. அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வண்ணப் பெட்டிகளுக்கு வீடுகளின் கதவைத் திறந்துவிட்டன.

அந்நாளைய பெட்டியே ஒரு தனி வரலாறு. மரப்பேழைக்குள் அமைந்து, இழுத்து மூடும் கதவும் பூட்டும் உடையதாய், கூடத்தின் நடுவே அது வீற்றிருந்தது. மாடியில் அலுமினியக் குழாய்களாலான ஆன்டெனா. காற்றில் அது திரும்பிவிட்டால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து குரல் கொடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளைத் திரைக்கு முன்னால் நீல நிற நெகிழித் தாளை மாட்டிய வீடுகளும் உண்டு. பெட்டி வைத்திருப்போர் உரிமக் கட்டணம் செலுத்தும் முறை 1980களின் நடுவில்தான் நீக்கப்பட்டது. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அவ்வீட்டின் கூடமும் வாயிற்படியும் நிறைந்தன. ஆகவே அக்கால நிகழ்ச்சிகளைத் தனியறையில், கைக்குள் அடங்கும் திரையில் மீண்டும் காண்பவர் படத்தை மட்டுமே பெறுகிறார். அதைச் சூழ்ந்திருந்த கூட்டத்தைப் பெறுவதில்லை.

கடிதமும் தந்தியும் நடத்திய கதைகள்

1984 ஜூலை 7 அன்று தொடங்கி 1985 டிசம்பர் 17 வரை ஒளிபரப்பான ‘ஹம் லோக்’, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளைக் கொண்டது. மெக்சிகோவில் மிகெல் சபிதோ சமூகக் கல்விக்காக உருவாக்கிய தொடர்களின் முன்மாதிரியில், மனோகர் ஷியாம் ஜோஷி எழுதியது இத்தொடர். நடுத்தர வர்க்கத்தின் கீழ்த்தட்டில் இருந்த ஒரு குடும்பத்தின் கதை அது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிச் சில சொற்கள் கூறுவார். தொடருக்கு ஏறத்தாழ 4 இலட்சம் கடிதங்கள் வந்தன என்று அதனை ஆராய்ந்தோர் குறித்துள்ளனர். இந்தியில் அமைந்தமையால் தமிழ்நாட்டில் அதன் வீச்சுக் குறைவே. எனினும், ஒரு திரைக்கு 4 இலட்சம் பேர் தாள் எடுத்து, எழுதி, தலை ஒட்டி, அஞ்சற்பெட்டி வரை நடந்து சென்று மறுமொழி சொன்னார்கள் என்பது இன்று வியப்பளிக்கும் செய்தி.

பழைய தொடர்களில் வழக்கிழந்து காணப்படும் கருவிகள் வெறும் அலங்காரப் பொருள்கள் அல்ல. கதைகளை நகர்த்தியவை அவையே. இதற்கு ‘மால்குடி டேஸ்’ சிறந்த எடுத்துக்காட்டு. ஆர்.கே. நாராயணின் கதைகளைக் கொண்டு சங்கர் நாக் இயக்கிய இத்தொடர், 1980களின் பிற்பகுதியில் கர்நாடகத்து ஆகும்பேயைக் களமாகக் கொண்டு படமாக்கப்பட்டது. அதில் ஒரு கதை அஞ்சல்காரர் தாணப்பாவைப் பற்றியது. தெருவில் எல்லாருடைய வீட்டுச் செய்தியும் அறிந்தவர் அவர். ஒரு வீட்டில் பெண்ணின் திருமணம் கூடிவருகிறது. குறித்த நாள் தவறினால் அவ்வரன் கைநழுவிப் போகும் நிலை. அந்நேரத்தில் அக்குடும்பத்து உறவினர் ஒருவர் நோயுற்றதாக அஞ்சலட்டையும், இறந்ததாகத் தந்தியும் வருகின்றன. தாணப்பா அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, திருமணம் முடிந்த பின்னரே கொடுக்கிறார். கடமை தவறியவர் அவர், அன்பில் தவறாதவர்.

செய்தி ஒரு மனிதரின் கைவழியே வந்த காலத்தில்தான் இக்கதை நிகழக்கூடும். கைப்பேசி உள்ள உலகில் தாணப்பா தடுத்து வைக்க ஏதுமில்லை. வழக்கொழிந்த கருவியோடு ஓர் அறச்சிக்கலும் வழக்கொழிந்தது. அக்கருவியின் இயல்பை அறியாதவர்க்கு அக்கதையின் வலி விளங்காது.

தந்தியின் இயல்பு கவிஞர்கள் சிந்திக்கத் தக்கது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கணக்கிடப்பட்டமையால், வேண்டாத சொல் ஒன்றும் அதில் இடம்பெறாது. வாழ்த்துத் தந்திகளுக்கு ஆயத்த வாசகங்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தன. அனுப்புவோர் எண்ணை மட்டும் குறித்தால் போதும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தந்திச் சேவகர் தெருமுனையில் திரும்பியதுமே, உறையைப் பிரிக்கு முன்னரே அழுகுரல் எழுந்த காலம் ஒன்றிருந்தது. 2013 ஜூலை 14 நள்ளிரவோடு இந்தியாவில் தந்திச் சேவை நிறைவுற்றது. இன்றைய இளைஞர் பழைய தொடரில் தந்தியைக் காணும்போது ஒரு மடித்த தாளைக் காண்கிறார். அந்த அழுகுரல் அவர் செவியில் விழுவதில்லை.

தொலைபேசியின் நிலையும் அத்தகையதே. எண்களைச் சுழற்றும் வட்டுடைய கருந்தொலைபேசி, அன்றைய தொடர்களில் செல்வத்தின் அடையாளம். வெளியூருடன் பேச ‘டிரங்க் கால்’ பதிவு செய்து காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் வேகம் என அதற்குக் கட்டணப் படிகள் இருந்தன. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு நிகழ்ந்தது. அந்நாளுக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு தொடரில் கதைமாந்தர் ஒருவர் வீடு திரும்பத் தாமதமானால், வீட்டிலிருப்போர் வாயிலையே பார்த்திருப்பர். அவ்வாறு பார்த்திருக்கும் முகத்தைக் காட்ட இயக்குநருக்கு நேரம் இருந்தது.

உடையும் ஒளிப்பதிவும்

இளையோரின் சிரிப்புக்கு முதல் இலக்காவது உடை. அகன்ற சட்டைக் கழுத்து, பளபளக்கும் பாலியஸ்டர், முகத்தில் பாதியை மறைக்கும் மூக்குக்கண்ணாடி, காதை மூடிய தலைமுடி ஆகியன அக்கால நாகரிகத்தின் கூறுகள். இவற்றுள் சில, பொருளாதாரத்தின் விளைவுகள். துவைத்தால் விரைவில் உலரும், தேய்க்காமலே மடிப்புக் குலையாது, பல்லாண்டு உழைக்கும் என்பதால் செயற்கை இழைத் துணியை நடுத்தரக் குடும்பங்கள் விரும்பி ஏற்றன. வெயில் நாட்டுக்கு அது பொருந்தாது என்பது உடுத்தியவர்க்குத் தெரியாததன்று.

வேறு சில ஒளிப்பதிவுக் கருவியின் கட்டளைகள். அந்நாளைய படக்குழாய்க் கேமரா, தூய வெண்மையைத் தாங்காது. வெள்ளைத் துணி திரையில் ஒளிப்பிழம்பாய்ப் பரவும். நெருக்கமான மெல்லிய கோடுகளும் கட்டங்களும் நெளிந்து நடுங்கும். விளக்குச் சுடர் அசைந்தால் அதன் பின்னே ஒளிக்கோடு வால்போல் நீளும். ஆகையால் அழுத்தமான ஒற்றை நிறமும், பெரிய கரையும் கொண்ட ஆடைகளே திரைக்கு ஏற்றவையாயின. செய்தி வாசிப்போரின் சேலைகளில் இத்தேர்வைக் காணலாம். சென்னை நிலையத்தில் செய்தி வாசித்த ஷோபனா ரவியின் சேலைகள் வீடுகளில் பேசுபொருளாயின. கருவியின் குறைபாடு ஓர் அழகியலாக மாறி, திரையிலிருந்து தெருவுக்கு இறங்கியதை இங்கே உணரலாம்.

1986இல் வந்த ‘நுக்கட்’ தொடரில் மற்றொரு செய்தி புலப்படுகிறது. தெருமுனையில் மின்சாதனம் பழுதுபார்க்கும் குருவும், மிதிவண்டி பழுதுபார்க்கும் ஹரியும் அதன் முதன்மை மாந்தர்கள். அத்தொடரில் வழக்கொழிந்து தோன்றுவது வானொலிப் பெட்டி மட்டுமன்று. பழுதுபார்த்து வாழும் வாழ்க்கை முறையும்தான். ஒரு பொருள் உடைந்தால் அதைச் சரிசெய்யத் தெரிந்த மனிதர் ஒருவர் தெருவில் இருந்தார்; அவருக்குப் பெயரும் கதையும் இருந்தன.

இவற்றைக் கூறுவதால் அக்காலம் பொற்காலம் என்றாகாது. 1985இல் பிரியா தெண்டுல்கர் நடித்த ‘ரஜனி’, எரிவாயு உருளைக்காக ஒரு குடும்பத்தலைவி போராட வேண்டியிருந்ததையே கதையாக்கியது. பற்றாக்குறை, பரிந்துரை, காத்திருப்புப் பட்டியல் ஆகியவற்றின் சுமை பெரும்பாலும் பெண்கள்மீது விழுந்தது. பழமையை எண்ணி உருகுவோர் இதனை மறந்துவிடலாகாது.

காலமற்ற கதையில் காலம்

நிகழ்காலக் கதைகளில் மட்டும் காலம் தங்கும் என்பதில்லை. இராமானந்த சாகரின் ‘இராமாயணம்’ 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை 78 பகுதிகளாக ஒளிபரப்பானது. திரேதா யுகத்துக் கதையாயினும், அதன் மகுடங்களும் பட்டாடைகளும் நாட்காட்டி ஓவியங்களின் மரபைச் சேர்ந்தவை. இரு அம்புகள் வானில் மெல்லச் சென்று மோதிப் பொறி பறக்கும் காட்சி, அன்றைய காணொளித் தந்திரங்களின் எல்லையை அப்படியே காட்டுகிறது. அன்று பெட்டிக்கு மாலையிட்டு, குளித்துவந்து அமர்ந்து பார்த்தவர்கள் அந்த அம்புகளைக் கண்டு நகைக்கவில்லை. 2020இல் நகைத்தவர்களும் தொடரை இறுதிவரை பார்த்தார்கள். ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. கருவி பழமைப்பட்டாலும் கதை பழமைப்படுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நாடாவின் ஆயுள்

இறுதியாக எழும் வினா பாதுகாப்பைப் பற்றியது. வழக்கிழந்த கருவிகளைக் காட்டும் இப்பதிவுகள், தாமே வழக்கிழந்த ஒரு கருவியில்தான் வாழ்கின்றன. காந்தப்பூச்சுடைய நாடா ஈரத்தால் கெடும்; பூச்சு பிசுபிசுத்து உதிரும். அதனை ஓட்டும் இயந்திரங்களின் உற்பத்தியும் நின்றுவிட்டது. மேலும், விலைமிகுந்த நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்துவது பல நாட்டு நிலையங்களின் வழக்கமாயிருந்தது. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம்கூட 1960களின் தொடர்ப் பகுதிகள் பலவற்றை இவ்வாறு இழந்தது. பெரும்புகழ் பெற்ற தொடர்கள் குறுவட்டிலும் இணையத்திலும் பிழைத்துக்கொண்டன. புகழ்பெறாத நாடகம், உழவர்க்கான ‘வயலும் வாழ்வும்’ நேர்காணல், ஒரே ஒருமுறை ஒளிபரப்பான கவியரங்கம் ஆகியனவே எளிதில் அழியக்கூடியவை. எளிய மக்களின் உடையும் பேச்சும் கைக்கருவிகளும் மிகுதியாகப் பதிவானவையும் அவையே.

ஏட்டுச்சுவடிகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்ததைத் தமிழுலகம் அறியும். சுவடியைச் செல் அரித்தது. நாடாவை ஈரம் அரிக்கிறது. மீட்டெடுத்த சுவடிக்கு உரை வேண்டியிருந்ததுபோல், மீட்டெடுக்கும் நாடாவுக்கும் உரை வேண்டும். முல்லைப்பாட்டின் நாழிகை வட்டிலை நச்சினார்க்கினியர் விளக்கிச் சென்றமையால்தான் அது இன்றும் பொருள் தருகிறது. தந்தி என்றால் என்ன, அதைக் கண்டதும் ஒரு தாய் ஏன் சுவரில் சாய்ந்தாள் என்று விளக்கத் தெரிந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அத்தலைமுறை உள்ளபோதே அவ்வுரை எழுதப்பட வேண்டும்.