"கடல் எல்லோருக்கும் பொது" என்று எழுதியவரின் ஊரில் ஒரு குளிர்நாள்

சென்ற ஜனவரியில் ஆசிரியர்களுக்கான குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்காக நெதர்லாந்து போய்வந்தது உறவுகள் பலருக்கும் தெரியும். "அங்க என்ன பார்த்தீங்க சேர்?" என்று பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கிறார்கள், வகுப்பிலும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு நடுவே ஒரேயொரு நாள் ஓய்வு கிடைத்தது. கூட வந்தவர்கள் அம்ஸ்டர்டாமுக்குக் கடை பார்க்கப் போனார்கள். நாம் தனியாக டெல்ஃப்ட் போனோம். தங்கியிருந்த ஹேக் நகரிலிருந்து புகையிரதத்தில் கால் மணித்தியாலம்கூட இல்லை. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டையையும், புத்தளம் களப்புக்கு வந்துசேரும் ஒல்லாந்தர் கால்வாயையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கால்வாயை வெட்டியவர்களின் சொந்த ஊர்க் கால்வாய் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை வெகுநாளாக இருந்தது.

காலை எட்டரைக்கும் தெருவிளக்குகள் அணையவில்லை. அங்கே அந்த மாதத்தில் சூரியன் எழும்பவே ஒன்பது மணியாகப் பார்க்கிறது, மாலை ஐந்துக்குள் மஃரிப். லுஹருக்கும் அஸருக்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலம் போலத்தான் கிடைக்கும். உம்மா கட்டித் தந்த கம்பளிச் சால்வையை விமானத்தில் வெட்கப்பட்டு மடித்து வைத்தோம். டெல்ஃப்டில் அதுதான் எம்மைக் காப்பாற்றியது.

டெல்ஃப்ட் என்ற பெயரே தோண்டுதல் என்ற பொருளுடைய அவர்களது பழைய சொல்லிலிருந்து வந்தது. முதலில் வெட்டிய கால்வாயின் பெயர்தான் ஊருக்கும் நிலைத்தது. "பழைய டெல்ஃப்ட்" என்ற அந்தக் கால்வாய் இன்றும் ஊரின் நடுவே ஓடுகிறது. இருகரையிலும் ஒடுங்கிய செங்கல் வீடுகள், இலையில்லாத மரங்கள், முதுகு வளைந்த சிறு பாலங்கள். தண்ணீரின் மேல் கண்ணாடித்தாள் போல ஒரு பனிப்படலம். அதில் வாத்துகள் நடக்கப் பார்த்துச் சறுக்கின. கரையோரமாக நிற்கும் பழைய தேவாலயக் கோபுரம் பார்த்தவுடன் தெரியும்படி சரிந்திருக்கிறது. அடியில் இருந்த கால்வாயை நிரப்பி அந்த மண்ணில் கட்டியதால் வந்த சரிவு. எழுபத்தைந்து மீற்றர் உயரக் கோபுரம் இரண்டு மீற்றரளவு சாய்ந்து, அப்படியே நூற்றாண்டுகளாக நிற்கிறது.

அதே கால்வாய்க்கரையில் 39ஆம் இலக்கக் கட்டடத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். அது ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் டெல்ஃப்ட் கிளை இருந்த வீடு. தரம் 10 பிள்ளைகள் கவனியுங்கள். 1602இல் தொடங்கிய அந்தக் கம்பனி ஒரே ஊரின் கம்பனி அல்ல. அம்ஸ்டர்டாம், சீலாந்து, டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹௌசன் என்று ஆறு கிளைகள். செலவிலும் சரக்கிலும் பாதி அம்ஸ்டர்டாமுக்கு, கால்வாசி சீலாந்துக்கு. டெல்ஃப்டின் பங்கு பதினாறில் ஒன்றுதான். கடலே இல்லாத ஊர் வேறு. அதற்காகவே 1389இல் தெற்கே ஆறுவரை கால்வாய் வெட்டி டெல்ஃப்ஸ்ஹாவன் என்றொரு துறைமுகத்தை உண்டாக்கியிருந்தார்கள். கிழக்கிலிருந்து வரும் சரக்கு அங்கே இறங்கி, படகில் ஊருக்குள் வரும். பதினாறில் ஒரு பங்குக்காரர்களின் ஊர் இவ்வளவு செழிப்பு என்றால் அம்ஸ்டர்டாமை யோசித்துப் பாருங்கள்.

இந்த ஊரின் பெயரைத்தான் நெடுந்தீவுக்கு வைத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கெல்லாம் லெய்டன், அம்ஸ்டர்டாம், மிடில்பர்க் என்று தங்கள் ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். மற்றவை மறைந்துபோயின. டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஆங்கிலத்தில் புழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் பாதிரியாக இருந்து, இலங்கையைப் பற்றி 1672இல் பெரிய புத்தகம் வெளியிட்ட பிலிப்புஸ் பல்தேயுஸ் பிறந்ததும் இங்கேதான், 1632இல். ஓவியர் வெர்மீரும், நுணுக்குக்காட்டியால் நுண்ணுயிர்களை முதன்முதலில் பார்த்த லேவன்ஹூக்கும் அதே ஊரில் அதே 1632இல் பிறந்தவர்கள். விஞ்ஞான ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நாம் எழுத வந்தது இவர்களைப் பற்றியல்ல. ஊர்ச் சதுக்கத்தில், புதிய தேவாலயத்துக்கு முன்னால், ஒரு சிலை நிற்கிறது. ஹியூகோ குரோஷியஸ், 1583இல் இதே ஊரில் பிறந்தவர். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்பார்கள். அவர் கதை கம்பனியோடு சேர்ந்தே தொடங்குகிறது. 1603இல் சிங்கப்பூருக்கு அருகில் சாந்த கதரீனா என்ற போர்த்துக்கேயக் கப்பலை ஒல்லாந்தர் பிடித்து, சரக்கை அம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். இது கொள்ளையா, நியாயமா என்ற கேள்வி எழுந்தது. நியாயம்தான் என்று வாதாடி எழுதித்தரக் கம்பனி இந்த இளம் வழக்கறிஞரைப் பிடித்தது. அந்த எழுத்தின் ஒரு பகுதி 1609இல் பெயர் போடாமல் அச்சானது. லத்தீனில் அதன் தலைப்பு மாரே லிபெரும். சுதந்திரக் கடல் என்று அர்த்தம்.

வாதம் எளிமையானது. கடல் யாருக்கும் சொந்தமல்ல, எல்லா மக்களும் போய்வரலாம், எவரும் எவரோடும் வியாபாரம் செய்யலாம், அதைத் தடுக்கப் போர்த்துக்கேயருக்கு உரிமையில்லை. ஜாவாவுக்கும் இலங்கைக்கும் சொந்த அரசர்களும் சொந்தச் சட்டங்களும் உண்டு என்கிறார். அது மட்டுமல்ல. போர்த்துக்கேயர் கண்டுபிடித்ததாகச் சொல்லும் அந்தக் கடலை அதன் கரையில் வாழும் மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள் என்று சொல்லி, அவர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அந்த வரிசையில் அரபிகளும் பாரசீகரும் இந்தியரும் வருகிறார்கள், மூர்களும் வருகிறார்கள். எமது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இன்றும் எழுதப்படும் அதே சொல்.

சிலையின் கீழே நின்று இதை நினைத்தபோது உண்மையாகவே நெஞ்சு கனத்தது. ஏனென்றால் அடுத்து நடந்ததும் எமக்குத் தெரியும்.

1638இல் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்படிக்கை. 1640இல் காலி, 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம். போர்த்துக்கேயர் போனார்கள், கடல் திறக்கவில்லை. கறுவா கம்பனிக்கு மட்டும். ரைக்லொஃப் வான் ஹூன்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில், எமது மூதாதையர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பாக்கு, துணி வியாபாரத்தையும் கம்பனி தன் கைக்குள் எடுத்தது. தோணி போகக் கம்பனியின் பாஸ் வேண்டும். கண்டி அரசின் சரக்கு வெளியே போகும் வாசலாகப் புத்தளமும் கற்பிட்டியும் இருந்தன. அந்த வாசலை அடைக்கத்தான் 1667இல் தொடங்கி 1676இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்தார்கள். நாம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்ப் படம் எடுக்கும் கோட்டை அது.

அதைவிட வலிப்பது ஒரு சொல். இங்கே பிறந்து, இங்கே மண்ணாகிப்போன சோனகரைக் கம்பனியின் சட்டம் அந்நியர் என்று வகுத்தது. செட்டிகளுக்கும் அதே கதி. அந்நியர் என்பதால் ஊழியம். கம்பனிக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், அல்லது பணம் கட்டித் தப்ப வேண்டும். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீடு வளவு வாங்கத் தடை. ஒல்லாந்தர் 1796இல் போன பிறகும் அந்தத் தடை 1832 வரை கிடந்தது. இன்று புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் நமது ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

குரோஷியஸுக்கே இந்த முரண்பாடு நேருக்கு நேர் வந்தது. 1613இல் ஒல்லாந்தர் சார்பில் லண்டனுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனார். கிழக்கில் எங்களை ஏன் வியாபாரம் செய்ய விடுகிறீர்களில்லை என்று கேட்ட ஆங்கிலேயர், சுதந்திரக் கடல் புத்தகத்தையே எடுத்து அவர் முன்னால் வாசித்தார்கள். அவர் பதில் என்ன தெரியுமா? அந்நாட்டு அரசர்களோடு நாங்கள் ஒப்பந்தம் செய்திருக்கிறோம், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார். பின்னாளில் சொந்த நாட்டு அரசியலில் சிக்கி ஆயுள் சிறை பெற்று, 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். அந்தப் பகுதி நல்ல கதை, இன்னொரு நாள் சொல்கிறோம்.

ஒல்லாந்தரால் வந்தது தீங்கு மட்டும்தான் என்று எழுதினால் வகுப்பில் நாமே புள்ளி குறைப்போம். எமது திருமணம், வாரிசுரிமை பற்றிய சட்டத்தை முதலில் எழுத்தில் கொண்டுவந்ததும் அவர்கள்தான், 1770இல், ஆளுநர் ஃபால்க் காலத்தில். ஆங்கிலேயரின் 1806 முஸ்லிம் சட்டக்கோவை அதிலிருந்து வந்தது. எம்மோடு ஒரே சஃப்பில் நிற்கும் மலாய்ச் சகோதரர்களின் மூதாதையர் பலர், கம்பனி ஜாவாவிலிருந்து கொண்டுவந்த படைவீரர்களும் நாடுகடத்தப்பட்டவர்களும். சட்டம் எழுதித் தந்ததும், வீடு வாங்க விடாததும் ஒரே கைதான். இதைத்தான் பரீட்சைக்கு ஐந்து வரியில் எழுதச் சொல்கிறோம், பாவம் பிள்ளைகள்.

பின்னேரம் ஒரு பீங்கான் கடைக்குள் குளிருக்காகத்தான் நுழைந்தோம். நீலமும் வெள்ளையுமான டெல்ஃப்ட் தட்டுகள். பார்க்கப் பீங்கான், உண்மையில் வெள்ளை மெருகு பூசிச் சுட்ட மண். கம்பனிக் கப்பல்களில் வந்த சீனப் பீங்கானைப் பார்த்து இங்குள்ள குயவர்கள் செய்த போலி. 1640களில் சீனாவில் கலகம் மூண்டு வரத்துக் குறைந்தபோது, மூடிக்கிடந்த மதுச்சாலைகளில் சூளை வைத்து இதைப் பெருந்தொழிலாக்கினார்கள். போலி இன்று அசலை விடப் பெருமையாக விற்கிறது. விலையைப் பார்த்து வைத்துவிட்டோம். உம்மாவுக்கு உள்ளங்கையளவு ஓடு ஒன்று மட்டும் வாங்கினோம், அதில் ஒரு கப்பல்.

நாலரைக்கு இருட்டத் தொடங்கியது. நிலையத்துக்குப் போகும் வழியில் 39ஆம் இலக்கத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தோம். வாசலில் இரண்டு சைக்கிள்கள் சாய்த்துக் கிடந்தன. மேல்மாடியில் யாரோ விளக்கைப் போட்டார்கள், அந்த வெளிச்சம் கால்வாய்ப் பனியில் விழுந்தது.

ஊருக்கு வந்து அந்த ஓட்டைத் தரம் 10 வகுப்புக்குக் கொண்டுபோனோம். கையிலிருந்து கைக்கு மாறியது. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை, வாப்பா கடற்றொழிலாளி, ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சேர், இந்தக் கப்பலுக்கு யாரு பாஸ் குடுத்த?"