பட்டுச் சுமையும் சுமப்பவர் பொறுப்பும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, தறியோசையில் கண்விழிக்கும் ஊர். கர்நாடகத்துப் பட்டுநூலும் சூரத்து ஜரிகையும் இங்கே சேலைகளாகி, மீண்டும் வெளியூர்களுக்குப் பயணமாகின்றன. வழியில் அச்சரக்கு தொலைந்தால் இழப்பு யாரைச் சாரும்? இக்கேள்வியின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

நம் சட்ட அறிஞர்கள் இதனை அன்றே ஆராய்ந்துள்ளனர். பலருக்கும் பொதுவாக உழைக்கும் கூலியாளரின் கையிலுள்ள பொருள் அமானிதமே. அவர் தவறிழைத்தாலன்றி ஈடு தர வேண்டியதில்லை என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) உடன்படவில்லை. பெருந்தீ போன்ற தடுக்கவியலாத ஆபத்து நீங்கலாக, மற்ற இழப்புகளுக்கு அவர் பொறுப்பாளியே என்றனர். மக்களின் உடைமையைக் காப்பதே அவர்களது நோக்கம்.

ஆங்கிலச் சட்டம் இன்னும் கடுமையாயிருந்தது. 1785ஆம் ஆண்டு வழக்கொன்றில், தன் தவறின்றி மூண்ட தீயில் சரக்கு எரிந்தபோதும் ஏற்றிச் சென்றவரே பொறுப்பு என்று மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்பளித்தார். தெய்வச் செயலும் அரசனின் பகைவர் செயலுமே விதிவிலக்குகள்.

இந்தச் சுமையைக் குறைக்க எழுந்ததே இந்தியாவின் 1865ஆம் ஆண்டுச் சரக்கேற்றுவோர் சட்டம். பொன், வெள்ளி முதலிய விலையுயர்ந்த பொருள்களின் பட்டியல் ஒன்று அதில் இருந்தது. அப்பட்டியலில் பட்டும் இடம்பெற்றது! 100 ரூபாய்க்கு மேற்பட்ட பட்டை அனுப்புவோர் அதன் மதிப்பையும் விவரத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவியாவிடில், ஏற்றுவோர் தரப்பின் குற்றச்செயலால் நேர்ந்த இழப்புக்கன்றி ஈடு கோர இயலாது. மற்றச் சரக்குகளில் பழைய கடுமை நீடித்தது. பர்மாவின் ஐராவதி நதிக் கப்பல் நிறுவனம், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, இயல்பான கவனம் செலுத்தியதே போதும் என வாதிட்டது. 1891இல் பிரிவி கவுன்சில் அதனை ஏற்கவில்லை.

அந்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இன்றிருப்பது, 2007இல் இயற்றப்பட்டு 2011இல் நடைமுறைக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். ஏற்றுவோரின் கவனக்குறைவை இழந்தவர் மெய்ப்பிக்கத் தேவையில்லை என்னும் பழைய நெறி இதிலும் உண்டு. ஆயினும், கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தைச் செலுத்த அனுப்புவோர் உடன்படாவிடில், ஈட்டுத்தொகை வண்டிக்கூலியின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வழக்குத் தொடுக்குமுன், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பும் கொடுத்தாக வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 40,000 ரூபாய்ப் பட்டு மூட்டைக்குக் கூலி 200 ரூபாய் எனில், தொலைந்தால் கிடைப்பது 2,000 ரூபாய்தான். பாவு தோய்த்தவர் முதல் தறியில் அமர்ந்தவர் வரை, ஒரு குடும்பமே பல நாள் உழைத்த உழைப்பு அந்த மூட்டையில் இருக்கிறதன்றோ!

சிக்கனம் கருதியும், விலையைச் சொன்னால் கண்படும் என்றஞ்சியும் ரசீதில் மதிப்பை எழுதாது விடுவோர் நம்மிடையே பலர். 1865இலும் சரி, இன்றும் சரி, சட்டம் அந்த மௌனத்தை அனுப்பியவர் கணக்கிலேயே எழுதுகிறது. நெய்வதில் காட்டும் கவனத்தில் ஒரு பங்கை ரசீதிலும் காட்டுவோமாக.