ஆண்டர்சனின் 'கைகள்'

1919ஆம் ஆண்டு நியூயார்க்கில் வெளிவந்த ஷெர்வுட் ஆண்டர்சனின் 'வைன்ஸ்பர்க், ஒஹாயோ' அமெரிக்கச் சிறுகதையின் போக்கை மாற்றிய தொகுப்பாகும். வண்ணப்பூச்சு வணிகம் நடத்திவந்த ஆண்டர்சன் 1912இல் மனமுடைந்து அதனைத் துறந்தார். பின்னர்ச் சிகாகோவில் வாடகை அறையொன்றிலிருந்து, தாம் வளர்ந்த கிளைடு என்னும் சிற்றூரை நினைந்து இக்கதைகளைப் படைத்தார்.

எதிர்பாராத முடிவைக் கொண்டு கதையைப் பின்னுவதில் ஓ. ஹென்றி புகழ்பெற்றிருந்த காலம் அது. ஆண்டர்சன் அவ்வழியை ஒதுக்கினார். 'கைகள்' என்னும் கதையில், மாணவர்தம் தோளைத் தொட்டுப் பேசும் ஆசிரியர் ஒருவர் வருகிறார். மாணவன் ஒருவன் தன் கனவை நிகழ்ந்ததாகவே கூறிவிட, ஊரார் அவரைத் துரத்துகின்றனர். பெயர் மாற்றி வைன்ஸ்பர்க்கில் இருபதாண்டுகள் வாழ்ந்தும், நடந்தது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. குற்றம் தம் கைகளுடையதே எனக் கருதி அவற்றை மறைத்தே திரிகிறார். திருப்பம் என ஏதுமில்லை. சொல்ல இயலாதவனின் தவிப்பே கதை. ஆசிரியப் பணியிலுள்ள என்னால் இதனை எளிதில் கடந்துசெல்ல முடிந்ததில்லை.

ஹெமிங்வேயும் ஃபாக்னரும் ஆண்டர்சனிடம் கற்றவர்கள். ஹெமிங்வே 1926இல் அவரை எள்ளி ஒரு நூலே எழுதினார்! அதே ஆண்டு ஃபாக்னரின் முதல் நாவல் வெளிவரத் துணைநின்றவர் ஆண்டர்சன். 1941இல் அவர் மறைந்தார். 1956இல் ஃபாக்னர், தம் தலைமுறை எழுத்தாளர்களுக்குத் தந்தை அவரே என்றார்.