தாது வருஷப் பஞ்சமும் நாம் பட்ட கடனும்

நம் பனியன் தொழிலின் பெருமையைப் பேசும்போது 1925-ஆம் வருஷத்தையொட்டித் திருப்பூரில் பின்னல் இயந்திரம் வந்த கதையிலிருந்தே தொடங்குவது வழக்கம். நாம் அதற்கு அரை நூற்றாண்டு முந்திச் சென்று பார்ப்போம். 1876-ஆம் வருஷம், அதாவது தாது வருஷத்தில், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பொய்த்தன. ஈசுவர வருஷத்தின் முற்பகுதியும் வறண்டே கழிந்தது. அப்போது திருப்பூர் கோயமுத்தூர் ஜில்லாவில் பல்லடம் தாலூகாவைச் சேர்ந்திருந்தது. சோளமும் கம்புமே உணவாயிருந்த இம்மேட்டு நிலத்தில் விதைத் தானியமும் உண்ணப்பட்டது. பின்னர் மழை வந்தபோது அதனோடு காய்ச்சலும் வந்தது. 1871-இல் 17,63,274 ஆக இருந்த ஜில்லாவின் ஜனத்தொகை, 1881-இல் 16,57,690 ஆகக் குறைந்துவிட்டது.

அத்துயரில் நமக்கு உதவியவர் யாவர்? 1877 ஆகஸ்டில் மதராஸில் கூடிய மஹாஜனக் கூட்டம் இங்கிலாந்துக்குத் தந்தி மூலம் முறையிட்டது. லண்டன் மேயர் தொடங்கிய நிதியில் 6 லக்ஷம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. நம் கைத்தறியை நலிவித்த துணியை நெய்த லங்காஷயர் ஆலை நகரங்களும் அதற்குப் பொருள் ஈந்தன என்பது சிந்திக்கத்தக்கது. விதைக்கும், உழவு மாட்டுக்கும், வீட்டுக் கூரைக்கும், தறிக்கும் அந்நிதியிலிருந்து உதவினார்கள். பசித்தவனுக்குக் கஞ்சி வார்ப்பதோடு நில்லாமல், அவன் மீண்டும் தன் தொழிலில் நிற்கச் செய்வதே உதவி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மற்றொருவரையும் நாம் நினைத்தல் வேண்டும். பஞ்ச நிவாரணச் செலவைச் சுருக்குமாறு இந்திய அரசாங்கம் அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர், வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் தானியம் என்றிருந்த கூலியை 1877 ஜனவரியில் ஒரு ராத்தலாகக் குறைத்தார். மண் சுமப்பவனுக்கு ஒரு ராத்தல் போதுமென்று கணக்குப் போட்டவர் மண் சுமந்தவரல்லர்! மதராஸ் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் தம் மேலோரின் மனங்கோணுமென்று அஞ்சாமல், அவ்வுணவு உயிரைக் காக்காதென்று எழுத்து மூலம் வாதாடினார். மே மாதத்தில் கூலி உயர்ந்தது. அவர் பேரால் நம்மூரில் ஒரு கல்லும் நாம் கண்டதில்லை.

பின்னர் 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கையும், 1883-இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும் வந்தன. கிணறு வெட்டச் சர்க்காரிடம் கடன் வாங்க அச்சட்டம் வழி செய்தது. 1887-இல் கோயமுத்தூர் ஜில்லா மானுவலை எழுதிய ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன், குடியானவன் வட்டிக்காரனிடம் சிக்கும் வகையை நன்கு கண்டவர். நிலவள வங்கிகளைப் பற்றி 1895-லும் 1897-லும் அவர் வெளியிட்ட அறிக்கைகளே 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்துக்கு அடிகோலின.

ஆயினும் நம்மை நிலைநிறுத்தியது கிணறே. பாறையைப் பிளந்து, கவலை பூட்டி, மாடும் மனிதரும் உழைத்து இறைத்த அந்நீரில்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி செழித்தது. அப்பருத்தியால் திருப்பூரில் அரவை ஆலைகளும் சந்தையும் பெருகின; அவற்றின்மேல் நம் பின்னல் தொழில் எழுந்தது.

அந்தக் கிணறுகளுக்கு நாம் செய்த கைம்மாறு யாது? சாயக் கழிவு நொய்யலில் கலந்து, கரையோரக் கிணறுகள் உப்பேறின. 1992-இல் உழவுக்கென முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீரைத் திறவாதீர் என்று உழவர்களே கேட்கும்படியாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு அதன் பின்னரே கட்டாயமாய் ஊன்றியது. பட்டறைக்காரரும் நம்மவர், கிணற்றுக்காரரும் நம்மவர் ஆதலின், இதைப் பிறர் பழியாக எழுத நமக்கு வழியில்லை.

தங்கள் முன்னோர் வெட்டிய கிணறுகளின் வருஷம், ஆழம், இன்றைய நீரின் நிலை ஆகியவற்றை அங்கத்தினர் சங்கக் காரியாலயத்துக்கு எழுதியனுப்பினால், வரும் இதழ்களில் ஊர்வாரியாக வெளியிடுவோம்.