நின்றுபோகும் எஞ்சினும் கசியும் காற்றும்: இந்தியப் பட்டறை அறிவின் வரலாறு குறித்து

இந்திய மோட்டார் வாகன வரலாற்றை எழுதியவர்கள் உரிமங்களையும் தொழிற்சாலைகளையும் காத்திருப்புப் பட்டியல்களையும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். விற்ற பின் அந்த வண்டிகளை முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடவைத்த அறிவு குறித்து எழுதப்பட்டது மிகக் குறைவு. அந்த அறிவின் தன்மையை விளங்கிக்கொள்ள ஒரேயொரு கோளாறு போதுமானது: சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்துபோவது.

1953இல் வரிவிதிப்பு ஆணையத்தின் பரிந்துரையை அரசு ஏற்றதும், உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்ற நிறுவனங்களுக்கு இந்தியாவில் இடமில்லாமல் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. உத்தரபாராவில் 1957 முதல் உருவான அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வார்ப்பு. அதன் உற்பத்தி 2014 மே மாதத்தில்தான் நின்றது. பம்பாய் குர்லாவில் 1964 முதல் உருவான ஃபியட் 1100 டி, பின்னர் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி நூற்றாண்டின் இறுதிவரை வந்தது. போட்டியின்மையால் நுகர்வோர் இழந்தவை பல. ஆனால் அதே தேக்கம் பட்டறைகளுக்கு எதிர்பாராத ஒன்றை அளித்தது. ஒரே எஞ்சினை ஒரே தலைமுறை மட்டுமன்றி, அதன் சீடர்களும் கையாண்டனர். தில்லி காஷ்மீரி கேட்டிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் உதிரிகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. அறிவு திரள்வதற்குத் தேவையான நிலைத்தன்மை இவ்வாறு அமைந்தது.

கோளாறின் இயற்பியல் எளியது. பெட்ரோல் எஞ்சினின் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது திராட்டில் தகடு ஏறத்தாழ மூடியிருப்பதால், இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கும் கீழே சென்றுவிடும். இதையே பட்டறையில் ‘வேக்குவம்’ என்பர். கடல்மட்டத்தில் நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு காட்டும். உயரம் ஆயிரம் அடி கூடும்போது ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். 1643இல் டோரிசெல்லி பாதரசக் குழாயில் கண்ட அளவும், 1849இல் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் மானியும் இந்த ஒற்றை முள்ளில் சந்திக்கின்றன.

கார்புரேட்டர் அளந்து கலக்கும் காற்றைத் தவிர வேறு காற்று உள்ளே நுழைந்தால் கலவை நீர்த்துப்போகும். மேனிஃபோல்டு கேஸ்கெட் விரிசல், கார்புரேட்டர் அடித்தள கேஸ்கெட் சுருங்குதல், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயஃப்ரம் கிழிதல், பிரேக் பூஸ்டர் குழாய் வெடித்தல், புழுதியால் திராட்டில் தண்டும் அதன் துளையும் தேய்தல் ஆகியவை வழக்கமான வாயில்கள். ஐடிலிங்கில் எஞ்சின் உள்வாங்கும் மொத்தக் காற்றே சிறிதளவு. அதில் கசிவின் பங்கு பெரிது. வேகமெடுத்தபின் மொத்தக் காற்று பெருகுகிறது, வேக்குவம் தளர்கிறது, கசிவின் பங்கு அற்பமாகிறது. எனவே நெடுஞ்சாலையில் குறையின்றி ஓடும் வண்டி சிக்னலில் மட்டும் அணைகிறது.

மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வியின் கூர்மை இங்கே புலப்படுகிறது. நிற்கும்போது அணைகிறதா, மேடேறும்போது அணைகிறதா? மேட்டில் திணறினால் பெட்ரோல் வரத்தில் குறை: ஃபில்டர் அடைப்பு, பம்ப் தளர்ச்சி. கோடை நண்பகலில் சூடாக நின்று, ஆறியபின் கிளம்பினால் குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்பின்மீது ஈரத்துணி சுற்றும் வழக்கம் அதற்கானது. ஐடிலிங்கில் மட்டும் அணைந்தால் ஐயம் காற்றின்மீது செல்லும். கருவி எதையும் தொடுமுன்னரே மூன்று கருதுகோள்கள் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன.

அடுத்து வருவது சோதனை. ஓடும் எஞ்சினின் கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் ஓரளவு மறைப்பர். காற்று குறைந்ததும் எஞ்சின் சீரானால் கலவை நீர்த்திருந்தது உறுதியாகும். பின்னர் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் விரலால் நசுக்குவர்; எந்தக் குழாயை நசுக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ, கசிவு அந்தக் குழாயிலோ அது சென்று சேரும் உறுப்பிலோ இருக்கும். இணைப்புகளின்மீது சிறிது நீர் தெளித்தால், ‘உஸ்’ என்ற ஒலி ஒரு கணம் அடங்கி எஞ்சின் ஓட்டம் மாறும் இடமே கசிவின் இடம். சிலர் நீருக்குப் பதில் பெட்ரோலைத் தெளித்தனர். சூடான எக்ஸாஸ்டின் அருகே அது தீ விபத்துக்கான அழைப்பு. நீரானாலும் விரலானாலும் தர்க்கம் ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் கவனி, மீண்டும் முன்னிலைக்குக் கொணர்ந்து உறுதிசெய். ஆய்வகத்தில் இதற்குப் பரிசோதனை முறை என்று பெயர். பட்டறையில் இதற்கு ‘அனுபவம்’ என்ற பெயரே கிடைத்தது.

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் பொருத்தப்பட்ட எஸ்.யு. கார்புரேட்டர் இந்தத் தர்க்கத்தைத் தன் அமைப்பிலேயே கொண்டிருந்தது. காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது அது. ஆரம்ப மாதிரிகளில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தி இருந்தது. வேக்குவத்துக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் தானே ஏறி இறங்கி, பெட்ரோல் ஊசியை நகர்த்தும். அந்தப் பிஸ்டனை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயர்த்தும்போது எஞ்சின் வேகம் கூடி நிலைத்தால் கலவை செறிவு. கணம் கூடி மீண்டால் சரி. உடனே அணையப் பார்த்தால் நீர்ப்பு. கைவிரலும் காதும் மட்டுமே போதுமான அளவீடு இது.

எனினும் இவ்வறிவைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாறாகாது. கசிவைத் தேடிக் கேஸ்கெட்டை மாற்ற அரைநாள் தேவை. கலவைத் திருகை ஒரு சுற்றுத் திருப்பி, ஐடிலிங்கை உயர்த்திவிட அரைநிமிடம் போதும். அவசரத்தில் பின்னதே நடந்தது. கோளாறு மறைந்தது, பெட்ரோல் செலவும் நச்சுப்புகையும் கூடின. ஈயம் கலந்த அந்தப் புகையை முதலில் சுவாசித்தவர்களும் பட்டறைத் தொழிலாளர்களே.

இவ்விடத்தில் சட்டத்தின் வரலாறு குறுக்கிடுகிறது. 1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகள், நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றன. ஆனால் காற்றுக் கசிவு கலவையை நீர்க்கச் செய்வதால் கார்பன் மோனாக்சைடைக் குறைக்கும். எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பனையே கூட்டும். அந்த இரண்டாவது வாயுவுக்கான அளவு சான்றிதழ்ச் சோதனையில் 2004 அக்டோபரில்தான் சேர்ந்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில், கசிவுள்ள வண்டி ‘தூய்மையானது’ என்று சான்று பெறுவது முற்றிலும் சாத்தியமாக இருந்தது. மெக்கானிக்கின் காது கண்ட கோளாறை அரசின் கருவி கேட்கவில்லை. அரசின் கருவி தேடிய நஞ்சை மெக்கானிக்கின் காது கேட்கவில்லை. இரண்டு அறிவுகளும் ஒன்றையொன்று திருத்தியிருக்கக்கூடும். அதற்கான களம் அமையவில்லை.

பின்னர் மாற்றம் விரைந்தது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. உச்ச நீதிமன்றத்தின் 1999 ஆணையால் தில்லி வட்டாரத்தில் யூரோ விதிகள் முந்தி வந்தன, கார்புரேட்டர் விடைபெற்றது. இன்று அதே கசிவை ஆக்சிஜன் சென்சார் உணர்ந்து, ‘பி0171’ என்ற குறியீடாகத் திரையில் காட்டுகிறது. ஆனால் கலவை நீர்த்திருக்கிறது என்பது மட்டுமே அக்குறியீட்டின் பொருள். எங்கே, ஏன் என்பதை அது சொல்வதில்லை. புகை செலுத்தும் கருவியோ விரலோ, யாரேனும் தேடியாக வேண்டும்.

மூத்த வண்டிகளோ மறைந்துவருகின்றன. தில்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. எஞ்சியவற்றுக்கு 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் புதுச் சிக்கலைத் தருகிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரின் கலவை தானாகவே நீர்க்கிறது; பழைய ரப்பரும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. கசிவு இல்லாமலேயே கசிவின் அறிகுறி தோன்றலாம். எரிபொருளே புதிய கசிவையும் உண்டாக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய எந்தக் கையேட்டிலும் பக்கம் எழுதப்படவில்லை, ஏனெனில் அக்கையேடுகள் அச்சானபோது இந்த எரிபொருள் இல்லை.

தொழில்நுட்ப வரலாற்று மாணவர்களுக்கு இதில் அவசரமான பணி ஒன்று உள்ளது. உஸ்தாதிடமிருந்து சீடனுக்கு வாய்மொழியாகச் சென்ற இந்த அறிவுக்குக் காப்பகம் இல்லை. வண்டிகள் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படும். ஓடாமல் நிற்கும் எஞ்சினிலிருந்து கசிவின் ஒலி எழுவதில்லை. அவ்வொலியைக் கேட்டு இடம் சுட்டக்கூடியவர்கள் இன்றும் பட்டறைகளில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யவேண்டியது வாழ்க்கைக் கதையை மட்டுமன்று. ஒரு கோளாற்றை எந்த வரிசையில் ஐயுற்றார்கள், எதைக் கண்டு எதை விலக்கினார்கள் என்னும் நியாய ஒழுங்கையும்தான்.